பள்ளிக்கூடத்துப் பால் கணக்கு

ரோவன் ஃபால்ஸ் ஊரின் பள்ளிகளையெல்லாம் நடத்தும் பள்ளி மாவட்ட அலுவலகத்தில் நெல்டா ஹூக்ஸ்ட்ராவுக்கு வைத்திருந்த பட்டப்பெயர் ‘பால்காரி’. முகத்துக்கு நேரே யாரும் சொல்ல மாட்டார்கள். காபி இயந்திரத்தின் பக்கத்தில் நின்று பேசுகிறவர்கள் அவள் செருப்புச் சத்தம் கேட்டதும் வாயை மூடிக்கொள்வார்கள். அவளுக்கு எல்லாம் தெரியும். தெரிந்தும் தன் கறுப்புக் குவளையில் காபியை நிரப்பிக்கொண்டு, எதுவும் கேட்காதவள்போல நாற்காலிக்குத் திரும்பிவிடுவாள்.

அந்தப் பெயர் வந்த கதை இருபத்தாறு வருஷத்துக்கு முந்தையது. அப்போது அவள் நிதிப் பிரிவில் புதிதாகச் சேர்ந்த குமாஸ்தா. அக்டோபர் மாதத்து முதல் புதன்கிழமை எண்ணிக்கை நாள். அன்றைக்கு வகுப்பில் எத்தனை பிள்ளைகள் இருக்கிறார்களோ, அத்தனை தலைக்குத்தான் மிச்சிகன் மாநில அரசு பணம் தரும். அதனால் பள்ளிக்கூடங்கள் அன்று பிஸ்ஸா வாங்கிப் போடும், ஐஸ்கிரீம் கொடுக்கும், காய்ச்சல்காரப் பிள்ளையைக்கூடப் போர்வையோடு கூட்டி வரச் சொல்லும். ஒரு பள்ளியிலிருந்து நானூற்றுப் பன்னிரண்டு என்று எண்ணிக்கை வந்தது. தற்செயலாகச் சமையல்கூடத்துச் சீட்டு ஒன்று நெல்டாவின் மேஜைக்கு வந்தது. அதில் அன்று செலவான பால் டப்பா இருநூற்று எண்பத்தெட்டு என்று இருந்தது. இலவச பிஸ்ஸா நாளில் நூற்றிருபத்து நாலு பிள்ளைகள் பாலைத் தொடாமல் எழுந்து போனார்களா? நெல்டா அந்தப் பள்ளிக்கே போய், வகுப்பு வகுப்பாக நின்று தலையை எண்ணினாள். முந்நூற்று நாற்பத்தொன்று. பொய் எண் அனுப்பிய தலைமையாசிரியர் அந்த வருஷமே ஓய்வு பெற்றார்.

அன்றிலிருந்து அவளுக்கு ஒரு பழக்கம். நாற்பத்தாறு பள்ளிகளின் சமையல்கூடத்துக்கும் வாரம் ஒரு முறை போன் போட்டு, எத்தனை பால் போனது என்று கேட்டுத் தன் பச்சை நோட்டில் எழுதிக்கொள்வாள். பத்துப் பிள்ளைகளில் எட்டுப் பேர் பால் எடுப்பார்கள். அந்தக் கணக்கு வருஷத்துக்கு வருஷம் பெரிதாக மாறாது. கட்டடம், பேருந்து, கடன் பத்திரம் என்று மாவட்டத்தின் நிதி நிலையைச் சொல்ல ஆயிரம் காகிதம் இருந்தாலும், தன் கையை வைத்து நாடி பார்க்கிற இடம் அந்தப் பால் டப்பாதான் என்று நம்பினாள் அவள்.

அவள் கூப்பிடக் காத்திராமல் முதல் போன் எப்போதும் டன்மோர் தெரு தொடக்கப்பள்ளியிலிருந்து வரும். அங்கே சமையல்கூடத்துத் தலைவி ஒபிலியா சிம்ஸ். நல்ல உயரம், அதற்கேற்ற குரல். எல்லாப் பிள்ளைகளின் பெயரும் அவளுக்குத் தெரியும்; யாருக்கு வேர்க்கடலை ஒத்துக்கொள்ளாது, யாருடைய அப்பா வீட்டில் இல்லை என்பதும் தெரியும். நெல்டாவின் கணவர் கார் இருக்கைத் தொழிற்சாலையில் மாரடைப்பு வந்து விழுந்து இறந்தபோது, ஒன்பது நாள் தொடர்ந்து வாசலில் சாப்பாட்டுப் பாத்திரத்தோடு நின்றவள் ஒபிலியா. மக்ரோனி, கோழி வறுவல், பீச் பழம் வைத்துச் சுட்ட இனிப்பு. நெல்டா சாப்பிட்டு முடிக்கும்வரை எதிரே உட்கார்ந்திருந்துவிட்டு, தட்டைக் கழுவி வைத்துவிட்டுத்தான் போவாள். பிள்ளை குட்டி இல்லாத நெல்டாவுக்கு அதற்குப் பிறகு சொந்தம் என்று சொல்லிக்கொள்ள இருந்தது அந்த ஒருத்திதான்.

அவள் வேலைக்குச் சேர்ந்த இருபத்தாறாம் வருஷம் மார்ச் மாதம் அதே இருக்கைத் தொழிற்சாலையை மூடினார்கள். ஏப்ரலில் பால் குறைய ஆரம்பித்தது. நூற்றுக்கு மூன்று, அப்புறம் நூற்றுக்கு ஐந்து. மாணவர் பட்டியல் பிரிவில் கேட்டால், இந்த வசந்தத்தில் காய்ச்சல் கடுமை, வருகை குறைவு, பெயர்ப்பட்டியல் அப்படியேதான் இருக்கிறது என்றார்கள். கணினிப் பட்டியல் முப்பத்தோராயிரத்து இருநூறு பிள்ளைகள் என்றது.

நெல்டா காய்ச்சலைப் பற்றி ஒபிலியாவிடம் கேட்டாள்.

“காய்ச்சல்ல படுத்த பிள்ளை திரும்பி வந்தா ரெண்டு பால் கேக்கும் டி, கணக்கு” என்றாள் ஒபிலியா. ஒபிலியா அவளைக் கணக்கு என்றுதான் கூப்பிடுவாள். “இதுங்க திரும்பியே வரல. ஹாலிஸ் வீட்டு ரெட்டைப் பிள்ளைங்க எனக்கு டாட்டா காட்டிட்டுப் போச்சுங்க. டென்னசியில மாமா வீட்டுக்குப் போறோம்னுச்சுங்க.”

நெல்டா கணினிப் பட்டியலில் தேடினாள்; ஹாலிஸ் பிள்ளைகள் இருவரும் இன்னும் அதில் இருந்தார்கள். வேறொரு பள்ளி ஒரு பிள்ளையின் சான்றிதழைக் கேட்டு எழுதினால்தான் கணினி அந்தப் பெயரை எடுக்கும். வேலை போன குடும்பங்கள் இன்னும் எந்த ஊரிலும் வேர் பிடிக்கவில்லை. உறவினர் வீட்டுச் சோபாவில் படுத்துக்கொண்டிருக்கிற பிள்ளைகளின் பெயர்கள் ரோவன் ஃபால்ஸ் பட்டியலில் பத்திரமாக இருந்தன. அவர்கள் அக்டோபரில் வர மாட்டார்கள். அவர்கள் தலைக்கு வர வேண்டிய பணமும் வராது.

மூன்று வாரம் அவள் சரியாகத் தூங்கவில்லை. நாற்பத்தாறு சமையல்கூடங்களின் எண்ணையும் எடுத்து, இருபத்தாறு வருஷத்துப் பச்சை நோட்டுகளோடு ஒப்பிட்டுப் பார்த்தாள். இருபத்தொன்பதாயிரத்து அறுநூற்று ஐம்பது. அவள் கணக்கில் அத்தனைதான் பிள்ளைகள். ஆயிரத்து ஐந்நூற்றைம்பது பேர் இல்லை. அவர்களோடு ஒன்றரைக் கோடி டாலரும் போய்விட்டது.

அது மட்டும் என்றால் சமாளித்திருக்கலாம். தொற்றுக்காலத்தில் வாஷிங்டனிலிருந்து வந்த உதவிப் பணத்தில் மாவட்டம் நிரந்தர ஆசிரியர்களை நியமித்திருந்தது. அந்த உதவி நின்றுவிட்டது, ஆசிரியர்கள் இருந்தார்கள். அதில் ஒரு கோடியே நாற்பது லட்சம் துண்டு விழுந்தது. சேமிப்பு இரண்டு கோடியே இருபது லட்சம். வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்குக் கொழுத்த சேமிப்பு. செய்தித்தாள்கூட மாவட்டம் நல்ல ஆரோக்கியத்தில் இருக்கிறது என்று எழுதியிருந்தது. நெல்டா மாதம் மாதமாகக் கழித்துப் பார்த்தாள். அடுத்த ஏப்ரல் கடைசி வாரத்துச் சம்பளத்துக்குக் காசு இல்லை. சம்பளம் தவறினால் மாநில அரசு ஒரு நிர்வாகியை அனுப்பும். ஊரார் தேர்ந்தெடுத்த பள்ளி வாரியம் ஒதுங்க வேண்டியதுதான். வந்தவர் எந்த ஒப்பந்தத்தையும் கிழிக்கலாம், எந்தப் பள்ளியையும் விற்கலாம். பக்கத்துப் பள்ளி மாவட்டம் ஒன்றில் அப்படி நடந்து, ஊரே பாதியாகிப் போனதை அவள் பார்த்திருந்தாள்.

நிதித் தலைவர் வசந்தத்தில் ராஜினாமா செய்திருந்தார். தற்காலிகப் பொறுப்பு நெல்டாவிடம் இருந்தது. ஜூன் முடிவதற்குள் வாரியம் அடுத்த வருஷத்துக்கான பட்ஜெட்டை நிறைவேற்றியாக வேண்டும்.

மாவட்டக் கண்காணிப்பாளர் டாக்டர் மேப்ரி கெட்ட மனிதர் அல்ல. ஏழைப் பிள்ளைகளுக்காகக் கண்ணீர் விட்டவர். அந்தக் கண்ணீர் நிஜம். ஒரு பள்ளியும் மூடப்படாது என்று அவர் ஊருக்கு வாக்குக் கொடுத்திருந்தார். நெல்டா தன் கணக்கை எழுதிக் கொடுத்த காகிதத்தைப் படித்து முடித்து, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வெகுநேரம் துடைத்தார்.

“எண்ணை மாத்துங்கன்னு நான் சொல்லல. கணினி சொல்றதைப் போடுங்கன்னுதான் சொல்றேன். தப்புன்னா அக்டோபர்ல திருத்திக்கலாம்.”

“அக்டோபர்ல ஆசிரியர் ஒப்பந்தம் எல்லாம் கையெழுத்தாயிருக்கும், டாக்டர். யாரையும் நிறுத்த முடியாது. மூட வேண்டிய கட்டடத்துக்கும் குளிருக்கு ஹீட்டர் போட ஆரம்பிச்சிருப்போம்.”

“பள்ளிக்கூடத்தை மூடினா இருக்கிற பிள்ளைங்களும் ஓடிடும், நெல்டா.”

அதுவும் உண்மைதான். ஆனால் வாரியக் கூட்டத்தில் நிதி அறிக்கையை அவரே வாசிப்பதாகச் சொன்னபோது, தன் காகிதம் அந்த மேஜையைத் தாண்டி எங்கும் போகாது என்று அவளுக்குப் புரிந்தது.

அந்தக் காகிதத்தின் கடைசிப் பக்கத்தில் மூட வேண்டிய மூன்று பள்ளிகளின் பெயர்கள் இருந்தன. காலி இருக்கை அதிகமாக உள்ள மூன்று. முதல் பெயர் டன்மோர் தெரு. ஐந்நூற்றிருபது பிள்ளைகளுக்காகக் கட்டிய கட்டடம். சாப்பிடுகிறவர்கள் இருநூற்றுச் சொச்சம். நெல்டா மூன்று தடவை அந்தப் பெயரை அடித்துவிட்டு வேறு பெயரை எழுதிப் பார்த்தாள். மூன்று தடவையும் கணக்கு இடித்தது. நாலாவது தடவை டன்மோர் தெரு என்றே எழுதினாள். எழுதிய கையையே சிறிது நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒபிலியாவிடம் முதலில் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தாள். கூட்டத்தன்று காலையில் ஸ்ட்ராபெரி வைத்துச் சுட்ட இனிப்பு ஒன்று வாங்கிக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனாள். ஒபிலியா சிவப்புச் சட்டைகளுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். ஒவ்வொன்றிலும் ‘டன்மோர் எங்கள் வீடு’ என்று அச்சடித்திருந்தது. மூடப்போகிறார்கள் என்ற வதந்தியைக் கேட்டு, அன்று மாலை வாரியத்திடம் முறையிட நாற்பது பெற்றோரைக் கூட்டிப்போகப்போகிறாளாம். உனக்கும் ஒன்று எடுத்து வைத்திருக்கிறேன், அளவு சரியா பார் என்று நெல்டாவின் தோளில் ஒரு சட்டையை வைத்துப் பார்த்தாள். நெல்டா இனிப்பை மேஜையில் வைத்துவிட்டு, அலுவலகத்துக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லி ஓடிவந்துவிட்டாள். இத்தனை வருஷத்தில் எண்ணுக்குப் பயப்படாதவள், ஒரு சிநேகிதியின் முகத்துக்குப் பயந்துவிட்டாள்.

மாலை ஆறு மணிக் கூட்டம். வெயில் இன்னும் சாயவில்லை; உயர்நிலைப்பள்ளிக் கலையரங்கத்தின் ஜன்னல் வழியே அது சிவப்புச் சட்டைகளின் மேல் விழுந்துகொண்டிருந்தது. டாக்டர் மேப்ரி முப்பத்தோராயிரத்து இருநூறு என்று வாசித்தார். கை தட்டினார்கள்.

பிறகு பொதுமக்கள் பேசும் நேரம். நீலச் சீட்டில் பெயர் எழுதிக் கொடுத்த யாரும் மூன்று நிமிடம் பேசலாம். மேடையில் சின்ன விளக்கு உண்டு. பச்சை, மஞ்சள், சிவப்பு. சிவப்பு எரிந்தால் ஒலிபெருக்கி நின்றுவிடும். மாவட்ட ஊழியர்கள் யாரும் அந்தச் சீட்டை எடுப்பதில்லை. வாரியத் தலைவி கேரல் ஜெலென்கா அடுத்த சீட்டைப் பார்த்துவிட்டு, மறுபடியும் பார்த்தார்.

“நெல்டா ஹூக்ஸ்ட்ரா. வார்டன் தெரு” என்றார். “நம்ம நெல்டாவா?”

நெல்டா எழுந்து போனாள். இந்த ஊரில் வரி கட்டுகிறவள், அந்த உரிமையில் பேசுகிறேன் என்று தொடங்கினாள். குரல் நடுங்கியது, எண்கள் நடுங்கவில்லை. இருபத்தொன்பதாயிரத்து அறுநூற்று ஐம்பது. இரண்டு கோடியே தொண்ணூறு லட்சம் துண்டு. சம்பளம் நின்றுபோகும் அடுத்த ஏப்ரல் கடைசி வெள்ளிக்கிழமை. மஞ்சள் விளக்கு எரியும்போது மூன்று பள்ளிகளின் பெயர்களை வாசித்தாள். முதல் பெயரை வாசிக்கும்போது கூட்டத்துப் பக்கம் பார்க்கவில்லை. பார்க்காமலே சிவப்புச் சட்டைகளுக்கு நடுவில் ஒருத்தி மூச்சை இழுத்தது அவளுக்குக் கேட்டது.

வாரிய உறுப்பினர் ஒருவர் இந்த எண் எங்கிருந்து வந்தது என்று கேட்டார். பால் டப்பாவிலிருந்து என்றாள் நெல்டா. அரங்கத்தில் சிரிப்பு எழுந்தது. பாலைப் பார்த்துப் பள்ளிக்கூடத்தை மூடச் சொல்கிறீர்களா என்று அவர் கேட்டதும் சிரிப்பு இன்னும் பெரிதாயிற்று. சிவப்பு விளக்கு எரிந்தது. ஒலிபெருக்கி நின்றது. நெல்டாவின் உதடுகள் மட்டும் அசைந்துகொண்டிருந்தன.

அடுத்த சீட்டு ஒபிலியா சிம்ஸ்.

ஒபிலியா நடந்து வந்தாள். வழியில் நின்ற நெல்டாவை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. கையிலிருந்த காகிதத்தை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டாள்.

“எங்க பள்ளிக்கூடத்தை மூடாதீங்கன்னு எழுதிக்கிட்டு வந்தேன். இப்ப பேசிட்டுப் போறாளே, அவ என் சிநேகிதி. இன்னிக்குக் காலையில என் வீட்டுக்கு வந்தா. எங்கிட்ட சொல்லல. அதை நான் அப்புறம் பாத்துக்கறேன்.” சிலர் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. “ஆனா பாலைக் கேட்டு சிரிச்சீங்க பாருங்க. அந்தப் பாலை எண்ணினவ நான். மார்ச் ஒண்ணாம் தேதி என் சமையல்கட்டுல இருநூத்தி அறுபத்தோரு பிள்ளைங்க சாப்பிட்டாங்க. லீவு விடுற கடைசி நாள் அன்னிக்கு இருநூத்திப் பதினாலு. மிச்ச நாப்பத்தேழு பேருக்கும் காய்ச்சலாம். பேரு சொல்லட்டுமா?”

பதிலுக்குக் காத்திராமல் ஒபிலியா சொன்னாள். கெய்லா ஹாலிஸ். கெவன் ஹாலிஸ். மாட்டியோ ரெண்டெரியா, பால் டப்பாவை ஸ்ட்ரா இல்லாமல் குடிப்பவன். ஜாஸ்லின் டப்ஸ். அவள் தங்கை. ட்ரெண்ட் ஓவர்பெக், வெள்ளிக்கிழமை மிஞ்சின ரொட்டியைப் பையில் போட்டுக்கொண்டு போவான். ஒவ்வொரு பெயராக, காகிதம் இல்லாமல் சொல்லிக்கொண்டே போனாள். மஞ்சள் எரிந்தது. சிவப்பு எரிந்தது. ஒலிபெருக்கி நிற்கவில்லை, கேரல் ஜெலென்கா பொத்தானிலிருந்து கையை எடுத்துவிட்டிருந்தார். முப்பதாவது பெயருக்கு மேல் சிவப்புச் சட்டைக்காரர்களில் ஒரு தாய் அழ ஆரம்பித்தாள். அப்போது சொன்ன பெயர் அவள் எதிர்வீட்டுப் பிள்ளையுடையது.

“நாப்பத்தேழு” என்று முடித்தாள் ஒபிலியா. “சமையல்கட்டை எடுத்துக்கங்க. பால் கணக்கு பொய்னு மட்டும் சொல்லாதீங்க.”

நெல்டாவின் எண்ணுக்கு நாலு வாக்கு, எதிராக மூன்று. அந்த எண்ணை வைத்துப் பட்ஜெட் நிறைவேறியது. டாக்டர் மேப்ரி கூட்டம் கலையும்போது வந்து நெல்டாவின் கையைப் பற்றினார்.

வண்டி நிறுத்துமிடத்தில் ஒபிலியா தன் பழைய காரின் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றாள். நெல்டா கிட்டே போனாள். மன்னிப்புக் கேட்கத்தான் போனாள், ஒபிலியா முந்திக்கொண்டாள்.

“ஒம்பது நாள் உன் வீட்டுக்குச் சோறு கொண்டுவந்தேன்” என்றாள் ஒபிலியா. “ஒரு நாள் எதிர்ல உக்காந்து சொல்லியிருக்கலாம்ல டி. நான் தாங்கியிருப்பேன்.”

“எனக்குத் தைரியம் வரல.”

“அத்தனை பேர் முன்னாடி வந்துச்சே.” அவள் கதவைச் சாத்தினாள். கண்ணாடியை இறக்கி, இனிமேல் போன் செய்யாதே என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

அந்தக் கோடையில் டன்மோர் தெருவின் நாற்காலிகளை லாரியில் ஏற்றினார்கள். ஓய்வு பெறத் தயாரானவர்கள் ஓய்வு பெற்றார்கள். நூற்றெண்பது வேலையிடங்களை நிரப்பாமல் விட்டார்கள். ஒபிலியாவுக்கு ஹார்ட்வெல் பள்ளியில் வேலை கிடைத்தது, ஆனால் தலைவியாக அல்ல; அவளைவிட இருபது வயது இளையவளுக்குக் கீழே. நெல்டாவின் வீட்டு வாசலில் யாரோ ஒரு பால் டப்பாவை உடைத்துக் கொட்டிவிட்டுப் போனார்கள். அவள் குழாயைப் பிடித்துக் கழுவிவிட்டு அலுவலகம் போனாள். வெள்ளிக்கிழமைதோறும் நாற்பத்திரண்டு சமையல்கூடங்களுக்குப் போன் போட்டாள். மூன்று மூடியாயிற்று. ஹார்ட்வெல்லுக்கு மட்டும் மின்னஞ்சல்.

அக்டோபர் முதல் புதன்கிழமை வந்தது. எண்ணிக்கை நாளன்று நெல்டா அலுவலகத்தில் இருக்க மாட்டாள், பள்ளி பள்ளியாகப் போய்ப் பார்ப்பாள். அன்று ஹார்ட்வெல்லைக் கடைசிக்குத் தள்ளிக்கொண்டே வந்தாள். பன்னிரண்டரை மணிக்கு அதன் எதிரே காரை நிறுத்தினாள். இறங்காமல் நோட்டை மடியில் விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மேப்பிள் இலைகள் கண்ணாடியின் மேல் உதிர்ந்துகொண்டிருந்தன.

போன் அடித்தது. பத்தொன்பது வருஷமாக எண்ணிக்கை நாளில் அதே நேரத்துக்கு அடித்த போன்.

“பால் முந்நூத்தி எழுபத்திரெண்டு” என்றது அந்தக் குரல். “எழுதிக்கிட்டியா?”

நெல்டா மடியிலிருந்த நோட்டில் எண்ணை எழுதினாள்.

“எழுதிக்கிட்டியான்னு கேட்டேன்.”

“எழுதிட்டேன்.”

“டன்மோர்ப் பிள்ளைங்க நூத்தித் தொண்ணூறு பேர் இங்க வந்துட்டாங்க. மூடினதும் ஊரை விட்டு ஓடிப் போகல. அதையும் எழுதிக்க.” பின்னால் தட்டுகள் இடிபட்டன. “எனக்கு இன்னும் கோவம் தீரல. தீரும்போது சொல்றேன். அதுக்காக முட்டாள் மாதிரி கார்லயே உக்காந்திருக்காத. ஜன்னல் வழியாத் தெரியுது. பிஸ்ஸா ஆறுது, உள்ள வா.”

மாவட்டத்தின் மொத்த எண்ணிக்கை இருபத்தொன்பதாயிரத்து அறுநூற்றுப் பதினொன்று. நெல்டாவின் கணக்கிலிருந்து முப்பத்தொன்பது பிள்ளைகள் குறைவு. மாநில அரசு யாரையும் அனுப்பவில்லை.

ஏப்ரல் கடைசி வெள்ளிக்கிழமை காலையில் சம்பளம் எல்லோர் வங்கிக் கணக்கிலும் ஏறியது. நாலாயிரத்து எண்ணூறு பேரில் யாருக்கும் அது ஒரு விசேஷமாகத் தோன்றவில்லை. நெல்டா மட்டும் விடிந்ததிலிருந்து கணினியின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். பத்து மணிக்கு ஒபிலியாவிடமிருந்து போன்.

“பழைய சம்பளத்தைவிட எண்பத்தாறு டாலர் கம்மி” என்றாள்.

“வந்துச்சா?”

“வந்துச்சு” என்றாள் ஒபிலியா. பிறகு அந்த வாரத்துப் பால் எத்தனை என்று சொன்னாள்.